அழித்துவிட்டுத் திரும்பப் போடு

மாத்தளையில் றுஸைனாவைத் தெரிந்த பலருக்கு அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ வெளிநாட்டு வேலை என்பார்கள். அவளுடைய வாப்பா ஜமால்தீன் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்பவர். திருகோணமலை வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு ஒழுங்கையில் கீழே கடை, பின்னால் சரக்கு வைக்கிற கிட்டங்கி, மேலே வீடு. கிட்டங்கிக்கு நேர் மேலே இருந்த அறையில் உட்கார்ந்துதான் அவள் வேலை செய்தாள். மூட்டை அவிழ்க்கிற நாட்களில் மிளகுத் தூசி மேலே ஏறும். வீடியோவில் கூட்டம் நடக்கும்போது அவள் தும்மத் தொடங்கினால், போலந்தில் இருக்கிற சகா ஒருவன் இன்னும் சளி போகவில்லையா என்று கவலையோடு கேட்பான். அவள் விளக்கம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இல்லை, இன்னும் போகவில்லை என்று சொல்லப் பழகிவிட்டாள்.

கொழும்பில் வேலை பார்த்தவள், கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்து, அப்படியே தங்கிவிட்டாள். ஊரிலிருந்தபடியே சேர்ந்த வெளிநாட்டுக் கம்பனி ஒரு வாலட் செய்தது. டிஜிட்டல் காசு வைத்திருப்பவர்கள் தங்கள் பிரவுசரில் போட்டுக்கொள்ளும் ஒரு பணப்பை அது. பிரவுசரின் மேல் மூலையில் சின்னப் படமாக இருக்கும்; அழுத்தினால் திறக்கும்; பாஸ்வேட் கேட்கும். வங்கிக் கணக்கு மாதிரி அல்ல, வேறு எங்கேயும் இன்னொரு பிரதி கிடையாது. சாவி அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள்தான் பூட்டிக் கிடக்கும். முதன்முதல் வாலட்டை உண்டாக்கும்போது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டும். கம்ப்யூட்டர் எரிந்து போனாலும் அந்தச் சொற்களை வைத்து இன்னொன்றில் எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்களும் இல்லையென்றால் கம்பனியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

றுஸைனாவின் பங்கு பிழை தேடுவது. புதிதாக எதையும் கட்டுவதை விட, கட்டினது ஏன் உடைகிறது என்று பார்ப்பதில்தான் அவளுக்கு விருப்பம். வாலட்டில் இந்த வேலை சுலபமானதல்ல. நிரல் எழுதுகிறவர்கள் நூற்றுக்கணக்கான கோப்புகளில், பார்த்தால் விளங்குகிற பெயர்களோடு எழுதுகிறார்கள். ஆட்களுக்கு அனுப்புமுன் ஒரு கருவி அத்தனையையும் ஒரே பொட்டலமாக அமுக்கிக் கட்டுகிறது. அளவைக் குறைப்பதற்காக நீளப் பெயர்களை எல்லாம் ஒற்றை எழுத்தாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு பிழை வந்தால் ‘n என்பதைக் காணவில்லை’ என்று மட்டும் வரும். அந்தப் பொட்டலத்துக்குள் ஆயிரம் n இருக்கும். எந்த எழுத்து எந்தப் பெயரிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு வரைபடக் கோப்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிழையின் இடத்துக்குப் போக வேண்டும். மற்றவர்கள் கைவிட்ட பிழைகளை றுஸைனா கிழமைக்கணக்கில் வைத்திருந்து கண்டுபிடித்திருக்கிறாள். அவளிடம் போனால் கிடைக்கும் என்று கம்பனியில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது.

வினோஜா அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். வினோஜாவின் அப்பா சிவசுப்பிரமணியம் யாழ்ப்பாணத்திலிருந்து நீர்ப்பாசனத் திணைக்கள வேலைக்கு வந்து, நாவுலயில் வீடு கட்டி, ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே இருந்துவிட்டார். வினோஜா படம் வரைவாள். நாவுலச் சந்தியில் ஒரு கடையில் கல்யாண அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இணையத்தில் போட்ட படங்களைப் பார்த்து வெளிநாட்டில் கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்கிற ஒரு கம்பனி வேலை கொடுத்தது. மரங்களும் பாசி பிடித்த கற்சுவர்களும் குளக்கட்டுகளும் வரைந்து அனுப்பினாள். அவர்கள் டிஜிட்டல் காசாகத்தான் கொடுப்பார்கள். அதை எதில் வாங்குவது என்று அவள் கேட்டபோது, எங்கள் வாலட்டையே போடு என்று சொல்லி லிங்க்கைப் போனில் அனுப்பியவள் றுஸைனாதான்.

இரண்டு வருடத்துக்கு மேல் வினோஜா அதிலிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. கொழும்பில் ஒரு வருட அனிமேஷன் படிப்புக்குப் போக வேண்டும், கட்டணமும் தங்குகிற செலவும் தன் கையிலிருந்தே கட்ட வேண்டும் என்று இருந்தாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சை அந்தப் படிப்பைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். இடமும் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் வாலட்டின் புதிய பதிப்பு ஒன்று வெளியானது. பிரவுசர் அதைத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். பதிப்பு போன மறுநாளே முறைப்பாடுகள் வரத் தொடங்கின. பாஸ்வேட் அடித்ததும் வெறும் வெள்ளையாக நிற்கிறது, உள்ளே போக முடியவில்லை என்றார்கள். எல்லோருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும். கம்பனியில் ஒருவருடைய கம்ப்யூட்டரிலும் அந்தப் பிழையை வரவைக்க முடியவில்லை. றுஸைனா வரைபடக் கோப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். அது திகதியை அழகாகக் காட்டுகிற ஒரு சின்னத் துண்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தத் துண்டைப் பிரித்துப் பார்த்தாள், மாற்றி எழுதிப் பார்த்தாள், மொழியை மாற்றி, நேர வலயத்தை மாற்றிப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை. அவளுடைய வேலை நாட்கள் அந்தத் துண்டிலேயே கழிந்தன.

இதற்கிடையில் ஆட்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிற பிரிவில் ஒருவர் ஒரு வழி கண்டார். வாலட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால், பன்னிரண்டு சொற்களையும் கொடுத்ததும் சரியாகத் திறக்கிறது. அதையே எல்லோருக்கும் எழுதினார்கள். றுஸைனாவுக்கு அது பிடிக்கவில்லை. பிழை எதனால் போகிறது என்று தெரியாமல் போகிறதே, அழித்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாதே என்று ஒருமுறை குழுவில் எழுதினாள். முறைப்பாடுகள் தீர்கின்றன, நீங்கள் தொடர்ந்து தேடுங்கள் என்று பதில் வந்தது. அவள் திரும்பவும் திகதித் துண்டுக்கே போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வினோஜா லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கும் வெள்ளையாக நின்றது. படிப்புக் கட்டணத்தின் முதல் பங்கைக் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். றுஸைனா லெப்டொப்பைத் திறந்து, அந்த வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் எங்கோ பெயர் தெரியாத ஆட்களின் கம்ப்யூட்டர்களில் இருந்த பிழை, அன்றுதான் முதல்முறையாக அவளுடைய மேசைக்கு வந்திருந்தது. ஒரு நாள் இதை இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று கேட்கலாமா என்று அவளுக்குத் தோன்றியதும் உண்மை. ஆனால் வினோஜா அன்றிரவே விளையாட்டுக் கம்பனிக்குப் படம் அனுப்ப வேண்டும் என்றாள். நாவுல பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு தடவை ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். றுஸைனாவுக்கும் கூட்டம் தொடங்க இருந்தது.

“அந்தப் பன்னிரண்டும் வச்சிருக்கதானே?” என்று றுஸைனா கேட்டாள்.

“வச்சிருக்கேன், வச்சிருக்கேன். மனப்பாடம்” என்றாள் வினோஜா.

றுஸைனா அழித்தாள். அழிக்கவா என்று பிரவுசர் ஒருமுறை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். திரும்பப் போட்டாள். பன்னிரண்டு கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. லெப்டொப்பை வினோஜாவின் பக்கம் திருப்பி வைத்தாள். வினோஜா முதல் கட்டத்திலேயே விடாமல் அடித்துக்கொண்டு போனாள்.

“என்ன அடிக்கிற?”

“பாஸ்வேட். பன்னிரண்டு எழுத்து.”

“பாஸ்வேட் இல்ல வினோ. சொல்லு. பன்னிரண்டு இங்கிலீஷ் சொல்லு. முதல்ல போடுறப்ப காட்டியிருக்கும்.”

வினோஜா யோசித்தாள். அப்படி ஏதோ வந்ததாகவும், ‘பிறகு ஞாபகப்படுத்து’ என்று கீழே ஒரு பொத்தான் இருந்ததால் அதை அழுத்தியதாகவும் சொன்னாள். பிறகு அது ஞாபகப்படுத்தவில்லை என்றும் சொன்னாள். அந்தப் பொத்தானை றுஸைனாவுக்கு நன்றாகத் தெரியும். ஆட்கள் பயந்து பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் இருக்க, அவளுடைய குழுவே சேர்ந்து வைத்தது அது.

கீழே வாப்பா யாரோடோ கராம்பு விலை பேசிக்கொண்டிருந்தது மேலே கேட்டது. வினோஜா கேட்டாள், “அப்ப இனி எப்படித் திறக்கிறது?” றுஸைனா லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். லெப்டொப்பை இங்கே விட்டுப் போ, இனி இதில் ஒன்றும் செய்யாதே என்று மட்டும் சொன்னாள். வினோஜாவுக்கு அப்போது முழுவதும் விளங்கவில்லை. அவளுக்கு அழுவதற்குக் கூடத் தோன்றவில்லை. அன்றிரவு அனுப்ப வேண்டிய படத்தை றுஸைனாவின் பழைய லெப்டொப் ஒன்றில் போட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அழிக்கப்பட்ட கோப்பு சில நேரம் வட்டின் அடியில் கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கிற கருவிகள் எல்லாவற்றையும் றுஸைனா போட்டுப் பார்த்தாள். பாஸ்வேட் வினோஜாவிடம் இருந்ததால், சாவியைப் பூட்டி வைத்த பெட்டியான அந்தக் கோப்பு கிடைத்தால் போதும். ஆனால் அந்த லெப்டொப்பில் இருந்தது புது வகை வட்டு. அழித்த இடத்தை அது சும்மா விட்டுவைப்பதில்லை, தானே சுத்தம் செய்துவிடும். கண்டியில் ஒருவரிடம் கொண்டுபோனாள். கொழும்பில் ஒருவரிடம் கொண்டுபோனாள். இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். அவள் திரும்பி வந்து நாவுலக்குப் போய்ச் சொன்னபோது, வினோஜாவின் அம்மா பாலேஸ்வரிதான் முதலில் பேசினார். பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்தது என்று ஆரம்பித்தவர், றுஸைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தன் சேமிப்பைத் தருகிறேன் என்று றுஸைனா சொன்னாள். வினோஜா வேண்டாம் என்றாள். றுஸைனா திரும்பவும் சொன்னாள். அப்போதும் வேண்டாம் என்றாள்.

“நான்தானே எழுதி வைக்காம விட்டேன். நீ கேட்டுத்தானே அழிச்ச” என்றாள்.

றுஸைனா கேட்டாள்தான். ஆனால் எடுத்துக் காட்டு என்று கேட்கவில்லை. காட்டு என்று ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். பிழை தேடுகிறவள், ஒருவர் வாயால் சொல்வதை எப்போதும் நம்பாதவள், தன் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும் நம்பினாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பிழையை விடவில்லை. திகதித் துண்டை முழுதாக ஒதுக்கிவிட்டு, ஆரம்பத்திலிருந்து பார்த்தாள். ஆட்களுக்குப் போன அதே பொட்டலத்தைத் தன் கம்ப்யூட்டரில் திரும்பக் கட்டினாள். கட்டியதற்கும் கம்பனி வைத்திருந்த வரைபடத்துக்கும் பொருந்தவில்லை. அந்த வரைபடம் வேறொரு நாள் கட்டிய பொட்டலத்தினுடையது. யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். இத்தனை நாளும் அவள் வேறொரு ஊரின் வரைபடத்தை வைத்துக்கொண்டு வழி தேடியிருக்கிறாள். சரியான வரைபடம் கைக்கு வந்ததும் பிழை வேறு இடத்தைக் காட்டியது. பெட்டியைத் திறக்கும் இடம் அது.

பழைய பதிப்புகளில் உண்டாக்கிய வாலட்டுகள், தாங்கள் எந்த வகை என்று ஒரு பெயரைப் பெட்டியின் உள்ளேயே எழுதி வைத்திருந்தன. புதிய பதிப்பைக் கட்டும்போது கருவியின் ஒரு அமைப்பு மாறி, நிரலில் இருந்த அந்தப் பெயரும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. பெட்டிக்குள் நீளப் பெயர், வெளியே ஒற்றை எழுத்து. இரண்டும் பொருந்தாததால் வாலட் திகைத்து வெள்ளையாக நின்றது. கம்பனிக்காரர்கள் எல்லோரும் அடிக்கடி புது வாலட் உண்டாக்கிப் பழகியவர்கள், அதனால் அவர்களுக்கு இது வரவே இல்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டவர்களுக்குச் சரியானதும் அதனால்தான். அவர்களுடைய பெட்டி புதிதாக உண்டானது. பழைய பெட்டிக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்தது.

றுஸைனா அந்த வரியை மாற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். வேறு நாட்களில் இப்படியான நேரத்தில் கீழே போய் உம்மாவிடம் கிடைத்துவிட்டது என்று சொல்வாள். எது என்று உம்மாவுக்குத் தெரியாவிட்டாலும் சந்தோஷப்படுவார். அன்று போகவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்து, தீர்ந்தது என்று கம்பனி மூடி வைத்திருந்த முறைப்பாடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தாள். நன்றி, திறந்துவிட்டது என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆனால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்ற பதிலுக்குப் பிறகு ஒன்றுமே எழுதாதவர்களும் இருந்தார்கள். பதில் வராததால் அவையும் தீர்ந்தவை என்று மூடப்பட்டிருந்தன. அவர்களில் எத்தனை பேர் வினோஜா போன்றவர்கள் என்று தெரிய வழியில்லை. நடந்ததைப் பற்றிக் கம்பனிக்கு எழுதிய அறிக்கையில், அந்த அறிவுரையால் சிலர் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள் என்று அவள் எழுதினாள். மேலாளர் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவரைத்தான் தெரியும் என்றாள். அந்த வாக்கியம், மிக அரிதான சந்தர்ப்பங்களில் சிரமம் ஏற்பட்டிருக்கலாம் என்று மாறி வெளியே போனது. அறிவுரையை மாற்றவும், சொற்களை எழுதி வைத்ததை உறுதி செய்த பிறகே அழிக்கச் சொல்லவும் வேண்டும் என்று அவள் வாதாடினாள். அது நடந்தது. ‘பிறகு ஞாபகப்படுத்து’ என்ற பொத்தானையும் எடுத்துவிட்டார்கள்.

திருத்திய பதிப்பு வெளியானபோது வினோஜாவின் படிப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஆனால் கிடைத்த இடம் வேண்டாம் என்று வினோஜா அதற்குள் எழுதிவிட்டாள் என்று றுஸைனா கேள்விப்பட்டாள். பிழை கிடைத்தது என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு சொல்லப் பயந்தாள். அந்தக் காசு எங்கும் போய்விடவில்லை. வினோஜாவின் வாலட் முகவரியை இணையத்தில் போட்டுப் பார்த்தால் உலகத்தில் யாரும் அதைப் பார்க்கலாம், யாரும் தொட முடியாது. றுஸைனா சில நாள் வேலை தொடங்குமுன் அதைத் திறந்து பார்ப்பாள். அப்படியே இருக்கும்.

அடுத்த வருடம் மிளகுக் காலத்தில், நாவுலக்குக் கிட்ட நாலந்தாவில் ஒரு தோட்டத்துக்கு வாப்பா விலை பேசப் போனபோது அவளும் கூடப் போனாள். அங்கிருந்து நாவுலக்குப் போகலாமா என்று கேட்டாள். வாப்பா அவளை வினோஜாவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

வினோஜா முற்றத்தில் ஒரு உரக்கடைக்குப் பெயர்ப்பலகை வரைந்துகொண்டிருந்தாள். விளையாட்டுக் கம்பனி வேலையைக் குறைத்துவிட்டதாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். பாலேஸ்வரி தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போனார். அப்போது வினோஜா பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அந்தப் பிழை என்னன்னு கடைசில தெரிஞ்சுதா?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வினோஜா அதை நம்பியிருப்பாள்.

“தெரிஞ்சுது” என்றாள் றுஸைனா. பெயர் சுருங்கிப்போன கதையை முடிந்த அளவுக்கு எளிதாகச் சொன்னாள். உரக்கடைக்காரரின் பெயரை முதல் எழுத்தோடு நிறுத்தினால் ஊரில் யாருக்கும் கடை தெரியாதே, அப்படித்தான் என்றாள். வினோஜா தூரிகையைக் கீழே வைத்தாள்.

“அப்ப என் வாலட்டு கெட்டுப்போகல.”

“இல்ல. ஒண்ணுமே ஆகல. திருத்தின வேர்ஷன் வந்ததும் தானாவே திறந்திருக்கும்.”

“எப்ப வந்துச்சு அது?”

“நீ வந்து போய் கொஞ்ச நாள்ல.”

“படிப்பு தொடங்குறதுக்கு முந்தியா?”

“முந்தி.”

வினோஜா வீதியில் போன லொறியைப் பார்த்தாள். பிறகு, “நீ இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், றுஸை” என்றாள். குரலில் கோபம் இல்லை. “இவ்வளவு நாளும் அது கெட்டுப்போச்சு, யாரு என்ன செஞ்சாலும் போயிருக்கும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதனால தூங்க முடிஞ்சுது.”

றுஸைனா மன்னிப்புக் கேட்டாள். வினோஜா தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா என்பது தெரியவில்லை. வாப்பாவின் வான் வந்து நின்றது. வினோஜா எழுந்து வாசல் வரை வந்து, வாப்பாவிடம் சுகம் விசாரித்து, மிளகு விலை இந்தமுறை எப்படி என்று கேட்டாள். வான் திரும்பும்போது, அவள் பலகைப் பக்கம் போகாமல் வீட்டுக்குள் போனாள்.

றுஸைனா அந்தக் கம்பனியை விட்டுவிட்டு இப்போது ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு இடத்தில் இருக்கிறாள். அங்கேயும் பிழைதான் தேடுகிறாள். அன்று நாவுலயில் சொன்னது சரியா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. வினோஜா பிறகு அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவில்லை. கண்டியில் ஒரு பதிப்பகத்துக்குப் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள், நன்றாக வரைகிறாள். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள். கல்யாண வீடுகளில் கண்டால் பக்கத்தில் வந்து உட்காருவாள், சிரித்துப் பேசுவாள். லெப்டொப்பில் ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் தம்புள்ளையில் ஒரு கடைக்குக் கொண்டுபோகிறாள்.